கே-57 ரெசினுக்கு மாறினால் கருகல் நிற்குமா?

கேள்வி: கோவையில் சிறிய மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பி.வி.சி. எல்போ, டீ போன்ற குழாய் இணைப்புகள் போடுகிறோம். கேட் (உருகிய சரக்கு அச்சுக்குள் நுழையும் வாய்) பக்கத்தில் பழுப்புக் கோடு விழுகிறது. மூலக்கூறு எடை குறைந்த கே-57 ரெசின் சூட்டைத் தாங்கும் என்கிறார் ஏஜென்ட். மாறலாமா?

மாறுங்கள். ஆனால் ஏஜென்ட் சொன்ன காரணம் தப்பு.

கே எண் கூடினால் மூலக்கூறுச் சங்கிலி நீளம் என்று பொருள். குழாய்க்குப் போடும் கே-67 ரெசினில் சங்கிலிகள் நீளம். உருகினாலும் கெட்டியாகத்தான் நகரும். குறுகலான கேட்டில் அதை வேகமாகத் தள்ளும்போது உராய்விலேயே சூடு ஏறிக் கருகுகிறது. கே-57 சங்கிலி குட்டை, குறைந்த சூட்டிலேயே ஓடும். அவ்வளவுதான். எந்த பி.வி.சி.யும் சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு ஆவியை விடும், அந்த ஆவியே மேலும் சிதைவைக் கிளப்பும். அதைப் பிடித்து நிறுத்துவது ரெசினோடு கலக்கும் ஸ்டெபிலைசர்தான். ரெசினை மாற்றிவிட்டு பேரல் (சரக்கை உருக்கும் உருளை) சூட்டைப் பழைய அளவிலேயே விட்டால் பாதிப் பலன் போச்சு. பத்து டிகிரி இறக்கிப் பாருங்கள்.

அப்புறம், "புதுசு மாதிரியே, கிலோவுக்கு நாலு ரூபாய் குறைவு" என்று வரும் காம்பவுண்டை (ஸ்டெபிலைசர் எல்லாம் கலந்த ரெசின்) தொடாதீர்கள். பெரும்பாலும் அது அரைத்த பழைய சரக்கு. ஏற்கெனவே சூடு கண்டதால் அதிலிருந்த ஸ்டெபிலைசர் தீர்ந்துபோயிருக்கும். அதை வாங்கி நஷ்டப்பட்ட பட்டறைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

கறுப்பெல்லாம் கருகல் இல்லை. கந்தகம் கலந்த டின் (வெள்ளீய) ஸ்டெபிலைசரோடு ஈய ஸ்டெபிலைசர் சேர்ந்தால் ஈய சல்பைடு உண்டாகிச் சரக்கே கறுக்கும். நீங்கள் டின் போடுகிறீர்கள், அரைத்த சரக்கில் யாரோ போட்ட ஈயம் இருக்கிறது என்று வையுங்கள். சூட்டை எவ்வளவு குறைத்தாலும் கறை போகாது. கருகல் கேட் அருகே கோடாக விழும், மூக்கைக் குத்தும் நெடி வரும். ஈயக் கறை சாம்பலைப் பூசியது போல உருப்படி முழுக்கப் பரவும். பி.வி.சி. குழாய், இணைப்புகளில் ஈயத்தை ஒழிக்க மத்திய அரசு 2021-இல் விதி போட்டது. ஆனால் நான் பார்த்த ஒன்-பேக் (ஸ்டெபிலைசரும் மற்ற சேர்மானங்களும் ஒன்றாகக் கலந்த) மூட்டைகளில் பாதிக்கு மேல் உள்ளே என்ன உலோகம் என்றே எழுதவில்லை. குடிதண்ணீர் ஓடும் பொருளுக்கு இதைக்கூடக் கேட்க ஆளில்லையா?

ஆய்வகத்துக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். டெஸ்ட் ட்யூபில் கொஞ்சம் காம்பவுண்டைப் போட்டு, அதன் வாயில் காங்கோ ரெட் தாளை (அமில ஆவி பட்டால் நிறம் மாறும் தாள்) செருகி, 180 டிகிரி எண்ணெயில் வையுங்கள். சிவப்புத் தாள் நீலமாக எத்தனை நிமிடம் ஆகிறது? நல்ல மூட்டைக்கு ஆன நேரத்தைச் சுவரில் எழுதி வைத்து, ஒவ்வொரு புது மூட்டையையும் அதோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் லாரியிலிருந்து இறக்காமலே திருப்பி அனுப்பிவிடலாம்.