கழுத்தில் நெறிகட்டி மூன்று வாரமாகியும் வற்றவில்லை, வலியும் இல்லை. புற்றுநோயாக இருக்குமோ?

மும்பை தாராவியில், 90 அடி ரோட்டை ஒட்டிய எங்கள் வீட்டிலும் இதே பயம் வந்துபோனது. என் தங்கைக்கு வலது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு வீக்கம். திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்த அம்மா, “நெறிதானே” என்று சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துப் பற்றுப் போட்டார்.

அம்மா பயப்படாததிலும் நியாயம் உண்டு. காலில் முள் குத்திப் பழுத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், சொத்தைப் பல்லுக்குத் தாடையடியில், தலையில் பேனும் புண்ணுமாக இருந்தால் பிடரியில். அந்தந்தப் பகுதியின் நிணநீர் (உடல் திசுக்களிலிருந்து வடியும் தெளிந்த நீர்) வந்து சேரும் கணுக்கள் கிருமியோடு மல்லுக்கட்டி வீங்குகின்றன. புண் ஆறினால் பெரும்பாலும் சில வாரங்களில் அவையும் அடங்கிவிடும்.

தங்கைக்கு அடங்கவில்லை. வலிக்கவில்லையே என்று நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். உண்மையில் தொட்டால் சுரீரென்று வலிக்கிற நெறி பெரும்பாலும் சாதாரணத் தொற்று. சத்தமில்லாமல் வளர்வதைத்தான் விடக் கூடாது. போதாக்குறைக்கு மருந்துக்கடையில் கேட்டு இரண்டு முறை ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்தோம். பிறகு மருத்துவர் அதற்குத்தான் கடிந்துகொண்டார். சிலவகை ஆன்டிபயாடிக் காசநோயை அரைகுறையாக அமுக்கிவைக்கும், ஸ்டீராய்டு மாத்திரையோ நிணநீர்ப் புற்றுநோயையே மறைத்துவிடும் என்றார்.

அவர் தங்கையின் பின்னால் நின்று, இரண்டு பக்கக் கழுத்தையும் விரல்நுனியால் தடவிக்கொண்டே வந்து, காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் சற்று நேரம் அழுத்திப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. இருந்திருந்தால் நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ள புற்றுநோயைத் தேட வேண்டியிருக்குமாம். காதுக்குக் கீழே மட்டும் மூன்று கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். ரத்தம் எடுப்பதைவிடப் பெரிய வலியில்லை என்றாள்.

வந்தது காசநோய். நம் பாட்டிமார் கண்டமாலை என்றது இதைத்தான். அம்மா உடனே அவளுக்குத் தனித் தட்டு வைத்தார்! நுரையீரலில் இல்லாமல் கழுத்துக் கணுவில் மட்டும் இருந்தால் அது பிறருக்குத் தொற்றாது; அவளுடைய மார்பு எக்ஸ்ரேயும் தெளிவாகவே இருந்தது. 6 மாத மருந்து, அரசு மையத்தில் இலவசம். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமானதைக் கண்டு அலறினாள். அது மாத்திரையின் நிறம்தான். இரண்டாம் மாதம் வீக்கம் முன்பைவிடப் பெரிதானபோது நான்தான் அலறினேன். மருந்து வேலை செய்யும்போதே சிலருக்கு இப்படி வீங்குமாம். மருத்துவர் எதையும் மாற்றவில்லை, பிறகு வற்றியது.

உங்களுடையது என்னவென்று இங்கிருந்து சொல்ல முடியாது. ரப்பர்போலவோ கல்போலவோ இருந்தாலும், இரவில் துணி நனைய வியர்த்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் நாளைக்கே போங்கள். அவை இல்லாவிட்டாலும் மூன்று வாரம் ஆகிவிட்டது, இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.