விரல் மடங்க ஏழு மணியாகுதா?

கேள்வி: என் உம்மாவுக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணிவிட்டன. எனக்கு 36 வயது. வட்டைச் (வயல்) சேறு, குளிர்ந்த தண்ணீர், எருமைத் தயிர், கத்தரிக்காய், கணவரின் சிகரெட் புகை... எதனால் இந்த நோய் வருகிறது? எதை விட்டால் எனக்கு வராது?
– வாசகி, சம்மாந்துறை

பதில்: தங்கச்சி, நீண்ட கடிதத்தின் நடுவே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். “சுபஹுக்கு எழும்பினால் கை இறுகிக் கிடக்கும், இடியப்ப உரலை அழுத்த ஏழு மணியாகும்.” முதலில் அதைப் பேசுவோம்.

வேலை செய்கிற கை காலையில் இறுகுவது சாதாரணம். பத்து நிமிஷத்தில் இளகிவிடும். அரை மணிக்கு மேல் இழுத்தால் அது வேறு சங்கதி. இப்போதே ஒரு கையின் நாலு விரல்களுடைய அடிக்கணுக்களையும் மற்றக் கையால் பக்கவாட்டில் சேர்த்து அழுத்திப் பாருங்கள். சுள்ளென்று நோகிறதா? இரண்டு கையிலும் அப்படியா? கணுக்கள் பொம்மி, மோதிரம் இறுகியிருக்கிறதா? இந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில் காட்டி, வாதநோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வீக்கம் தொடங்கி மூன்று மாதத்துக்குள் சரியான மருந்து ஆரம்பித்தால் மூட்டை நன்றாகக் காப்பாற்றலாம். உங்கள் உண்மையான பயம் உம்மாவின் கை உங்களுக்கும் வந்துவிடுமோ என்பதுதானே? நேரத்தோடு வந்தவர்களின் கை இன்று பெரும்பாலும் அப்படிக் கோணுவதில்லை.

பெற்றவளுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு கூடும். ஆனால் இது நூறு பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகம் என்கிற நோய். மூன்று மடங்கு என்றாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராது.

சேறு, தண்ணீர், தயிர், கத்தரிக்காய் எதுவும் இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. வட்ஸ்அப்பில் வந்ததை நம்பித் தயிரை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே சாப்பிடுங்கள்.

புகையை மட்டும் அப்படி விட முடியாது. சூழலில் இருந்து வரும் காரணங்களில் மிகத் தெளிவாக நிரூபிக்கப்பட்டது புகைத்தல்தான். புகை நுரையீரலில் உள்ள புரதங்களை மாற்றிவிடுகிறது. உடம்பு அவற்றை அந்நியமென்று நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. பின்னால் மூட்டைத் தாக்குகிற அந்த எதிர்ப்பொருள், மூட்டு நோகத் தொடங்குவதற்குப் பல வருஷம் முன்பே பலரின் இரத்தத்தில் இருக்கும். குடும்பத்தில் நோய் உள்ளவர்களுக்குப் புகை இரட்டைக் கேடு. கணவர் வீட்டுக்குள் புகைப்பதை நிறுத்தட்டும், பிள்ளைகளுக்காகவும்தான். கல் உடைக்கிற இடத்துத் தூசும் இதே வேலையைச் செய்யும். ஈறு நோய்க்கும் தொடர்பு காணப்படுகிறது, ஆகவே ஈற்றில் இரத்தம் கசிந்தால் பல் வைத்தியரிடம் போங்கள். உடம்பு பருமனைக் குறைப்பதும் நல்லது.

அப்புறம், கை நோவுக்குப் பாமசியில் வாங்கிக் குடிப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கும் அந்த இரண்டு குளிசைகள். இது எனக்குக் கோபம் வருகிற இடம். ஒன்று நோவுக் குளிசை. மாதக்கணக்கில் குடித்தால் இரைப்பையில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். “சின்ன வெள்ளைக் குளிசை” என்கிறீர்களே, அது ஸ்டீரொய்டாக இருக்கலாம். வீக்கத்தை வற்றவைத்து நோயை டொக்டரின் கண்ணிலிருந்தே மறைத்துவிடும். சில கிழமைகளாகக் குடித்துவருகிறீர்கள் என்றால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உறையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். உம்மாவின் குளிசையை எடுத்துக் குடிக்கவே வேண்டாம். முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தொட்ரெக்ஸேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கிற மருந்து, தினமும் குடித்து உயிர் போனவர்கள் உண்டு.

லாப் ரிப்போர்ட்டில் ‘ஆர்.ஏ. ஃபெக்டர் நெகட்டிவ்’ (முடக்குவாதத்துக்கான இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை) என்று வந்ததை வைத்து நிம்மதியடைய வேண்டாம். நோய் இருக்கும்போதே சிலருக்கு அப்படி வரும். அண்மையில் காய்ச்சலோடு மூட்டு நோவு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சிக்குன்குனியாவும் மாதக்கணக்கில் இப்படி இழுக்கும். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். உம்மாவின் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள்.