பார்க்குக்கு வந்த சிலை நடுரோட்டுக்குப் போன கதை

கேள்வி: மும்பைல ஃப்ளோரா ஃபவுன்டனும் ஹுதாத்மா சவுக்கும் (தியாகிகள் சதுக்கம்) ஒரே இடமா? விக்டோரியா ராணிக்காகக் கட்டினதுன்னு டாக்ஸிக்காரர் சொன்னாரே, உண்மையா?

பதில்: ஒரே இடம்தாங்க. ஆனா ராணிக்காகக் கட்டினது இல்ல. பைகுல்லால இருக்கிற விக்டோரியா கார்டன்ஸ்ல (பேச்சுவழக்குல ராணி பாக்) வைக்கத்தான் முதல்ல பிளான் பண்ணாங்க, அந்த விக்டோரியா பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு போல. கவர்னர் பார்ட்டில் ஃப்ரீயர் பேரை வைக்கலாம்னும் ஒரு யோசனை இருந்துச்சு, அதுவும் நடக்கல, கடைசில உச்சியில நிக்கிற ரோமானிய மலர் தேவதை ஃப்ளோரா பேரே நிலைச்சுப்போச்சு. டிசைன் ரிச்சர்ட் நார்மன் ஷா, செதுக்கினது ஜேம்ஸ் ஃபோர்சைத், கல்லு இங்கிலாந்துலேருந்து கப்பல்ல வந்த போர்ட்லேண்ட் கல்லு.

1860கள்ல பம்பாய் கைல காசு புரண்ட நேரம் அது. அமெரிக்கால உள்நாட்டுப் போர் (1861-65), அங்கேருந்து இங்கிலாந்து மில்லுக்குப் போன பருத்தி நின்னுபோக, நம்ம பருத்திக்கு விலை எகிறி, வியாபாரிங்க ஒரேயடியா பணக்காரங்க ஆயிட்டாங்க. இந்த ஃபவுன்டனுக்கே கர்செட்ஜி ஃபர்தூன்ஜி பாரேக்னு ஒரு பார்சி கனவான் பெரிய தொகை கொடுத்திருக்கார். போர் முடிஞ்சதும் விலை சரிஞ்சு நிறைய பேரு திவாலானது தனிக்கதை.

அதே சமயத்துல பழைய பம்பாய்க் கோட்டை மதில் எதுக்கு இன்னும்னு இடிக்க உத்தரவு போட்டவர் இதே ஃப்ரீயர்தான். சர்ச் கேட்னு ஒரு வாசல் இருந்துச்சே, அது போய் காலியான இடத்துலதான் ஃப்ளோரா வந்து நின்னாங்க. பேரு கிடைக்கலைன்னாலும் இடம் பண்ணிக்கொடுத்தது மனுஷன்தான், எனக்கு இந்தக் கதைல பிடிச்சதே இதான். வாசல் பேரு இப்போ சர்ச்கேட் ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கு.

ஹுதாத்மா சவுக்ங்கிறது பின்னாடி வந்த பேரு. மும்பையோட சேர்ந்த மராத்தி மாநிலம் வேணும்னு சம்யுக்த மகாராஷ்டிரா போராட்டம் நடந்தப்போ, 1955 நவம்பர் 21 அன்னிக்கு இங்கதான் போலீஸ் சுட்டாங்க. அந்தப் போராட்டத்துல மொத்தமா நூத்துக்கும் மேல உயிர் போச்சு, 1960 மே 1ல மாநிலம் வந்துச்சு. தியாகிகள் நினைவுச்சின்னம் ஃபவுன்டனுக்குப் பக்கத்துலயே இருக்கு, டார்ச் பிடிச்ச ரெண்டு பேர் சிலை, போட்டோ எடுக்கிறவங்க பாதிப்பேரு அதைத் திரும்பிக்கூட பாக்கிறதில்ல.

கேள்வி: தண்ணி வருதா?

பதில்: ரொம்ப நாள் வராம கிடந்துச்சு, மேல பெயின்ட் வேற அடிச்சு வெச்சிருந்தாங்க. அதையெல்லாம் சுரண்டி சரி பண்ணி 2019 ஜனவரில திறந்தாங்க. அந்த வேலைல பக்கத்துல தோண்டினப்போ பழைய டிராம் தண்டவாளம்கூட கிடைச்சுது, மும்பைல டிராம் நின்னது 1964லங்க.