கேமரா கேள்வி பதில்: மாமா கட்டிய டெலோரியன்

கேள்வி: அண்ணா, 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் காலப் பயணம் செய்யும் டெலோரியன் காரை எங்கள் மாமா கராஜிலேயே கட்டி முடித்துவிட்டார். கதவும் பானெட்டும் ஸ்டீல் தகடு. மற்றதெல்லாம் ஃபைபர் கிளாஸ் மேல் சில்வர் பெயிண்ட். அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்கு ஒரு நல்ல படம் எடுத்துப் பெரிதாக பிரிண்ட் போட்டுத் தர ஆசை. ஆனால் எப்படி எடுத்தாலும் கதவில் நானும் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியும் தெரிகிறோம். போலரைசர் ஃபில்டர் வாங்கியும் பயனில்லை. உள்ளே தேதி காட்டும் எண்கள் பாதி அணைந்ததுபோல் விழுகின்றன. பின்னால் மாமா ஒரு பழைய மிக்ஸி ஜாரை மாட்டியிருக்கிறார், அது தெரியாமல் எடுக்கலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

பதில்: ஃபில்டரை முதலில் கழற்றுங்கள், தங்கச்சி. தண்ணீர், கண்ணாடி, பெயிண்டுக்கு மேல் அடிக்கும் லேக்கர் இவற்றின் பளபளப்பைத்தான் போலரைசர் வெட்டும். பூச்சில்லாத உலோகத்திடம் அதன் பாச்சா பலிக்காது. உங்கள் காரில் இன்னொரு வம்பும் உண்டு. ஃபில்டரைத் திருப்பத் திருப்ப ஃபைபர் பகுதி மங்கும், ஸ்டீல் கதவு அப்படியே மின்னும். மாமா பாடுபட்டு ஒரே நிறமாக இணைத்ததை நீங்கள் ஒட்டுப்போட்ட சட்டை ஆக்கிவிடுவீர்கள்.

ஸ்டீலில் எதிரொளிப்பைப் போக்க முடியாது. எது எதிரொளிக்க வேண்டும் என்று தீர்மானிக்கத்தான் முடியும். அசல் டெலோரியனும் பெயிண்ட் அடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், 1981 முதல் வட அயர்லாந்தில் செய்தார்கள். அந்தப் படத்தை எடுத்தவர்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கும். வீட்டிலிருக்கும் எட்டு முழ வெள்ளை வேட்டிகள் இரண்டை எடுத்து, படத்தின் எல்லைக்கு வெளியே, கதவுக்கு எதிரே ஆள் வைத்து விரித்துப் பிடியுங்கள். துணிக்கொடி போய் வெள்ளை வரும். நீங்கள் கறுப்பு உடை போட்டுக்கொள்ளுங்கள்.

காரை எங்கே நிறுத்துவது என்பது அதைவிட முக்கியம். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை பூமியின் வட பாதியில் இருப்பவர்கள் சொன்னவை. கட்டடத்தின் வடக்குப் பக்க நிழலுக்குப் போ என்பார்கள். டர்பனில் அதை நம்பிப் போனால் நேர் வெயிலில் நிற்பீர்கள். நமக்கு நண்பகல் சூரியன் வருஷம் முழுக்க வடக்கில்தான். ஆகவே தெற்குச் சுவர் நிழல். அந்த நிழலில் வானத்தின் நீலம் ஸ்டீலில் ஏறும். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை 'ஷேட்' என்று மாற்றினால் அடங்கிவிடும்.

கடற்கரைக்குக் கொண்டுபோக முடிந்தால் இன்னும் நல்லது. சாலையில் ஓட்டப் பதிவு இல்லையென்றால் பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) பின்னால் டிரெய்லரில் ஏற்றிப் போங்கள். சினிமா நம்பர் பிளேட்டைப் படத்துக்கு மட்டும் மாட்டுங்கள், சரியா? புளூ லகூன் கடற்கரையில் வார இறுதி வேண்டாம், கூட்டமும் பிரியாணிப் பாத்திரமும் கதவில் தெரியும். வார நாளில், சூரியன் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, காரின் பக்கவாட்டைக் கடலுக்குக் காட்டி நிறுத்துங்கள். நமக்குக் கடல் கிழக்கே. வெளுத்த வானமும் அதற்குக் கீழே கறுத்த கடலும் சேர்ந்து கதவில் ஒரு நீளக் கோடு போடும். அந்தக் கோட்டை எந்தச் செயலியும் போட்டுத் தராது. சூரியன் மேலே வந்ததும் ஸ்டீல் கண்ணைக் கூச வைக்கும். அப்போது மூட்டை கட்டுங்கள்.

இந்தக் காரின் உயரம் 1.14 மீட்டர்தான். நின்றுகொண்டு எடுத்தால் கூரைதான் விழும், ஹெட்லைட் உயரத்துக்குக் குனியுங்கள். போன் என்றால் பின்னால் போய் 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டப் போனால் காரின் மூக்கு வீங்கும்.

எண்கள் விஷயம் எளிது. அந்த எல்.இ.டி எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதில்லை. மாறி மாறி வேகமாக எரிந்து அணைகின்றன, நம் கண்ணுக்குத்தான் சேர்ந்து தெரிகிறது. ஷட்டர் 1/500 விநாடி என்றால் பாதியைத்தான் பிடிக்கும். 1/30க்கு இறக்கி, ஸ்டாண்டில் வைத்து எடுங்கள். மேல் வரிசை சிவப்பு, நடு வரிசை பச்சை, கீழ் வரிசை மஞ்சள். மூன்றும் வெள்ளையாக வெளுத்துவிடாமல் நிறமாக நிற்கும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

மிக்ஸி ஜாரை மறைக்கவே மறைக்காதீர்கள். படத்தில் குப்பையைப் போட்டால் மின்சாரம் தருகிறதே, அந்த மிஸ்டர் ஃப்யூஷன், அதுவே க்ருப்ஸ் கம்பெனியின் காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்தை வைத்துச் செய்ததுதான். ஹாலிவுட்டும் உங்கள் மாமாவும் ஒரே சமையலறைக்குள் கை விட்டிருக்கிறார்கள். அந்த ஜாரை நெருக்கமாக ஒரு படம், மாமாவின் கை அதன் மேல் இருக்க. என்னைக் கேட்டால் பெரிய பிரிண்ட் அதுதான்.

கேள்வி: நகல் காரைப் படம் எடுப்பதில் என்ன பெருமை? அசலைத் தேடிப் போக வேண்டியதுதானே?
- வெருலம் வாசகர்

பதில்: எந்த அசல், ஐயா? 'பேக் டு தி ஃப்யூச்சர்' வரிசையின் மூன்று படங்களுக்கும் ஒரே கார் போதவில்லை, பல கார்களை வைத்துத்தான் எடுத்தார்கள். பறக்கும் காட்சிகளுக்கு என்றே ஃபைபர் கிளாஸில் ஒன்று தனியாகச் செய்தார்கள். படத்தில் பார்த்துக் கைதட்டியபோது அது எது என்று நாம் கேட்கவில்லை. படப்பிடிப்பில் முக்கியமாக ஓடிய கார் லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர்சன் மியூசியத்தில் இருக்கிறது. டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே கதவைத் திறந்து உட்கார விடமாட்டார்கள்.

கேள்வி: நண்பன் வைத்திருக்கும் டெலோரியன் நகலை, சினிமாவில் வருவதுபோல் டயர் தடத்தில் தீ எரிய எடுக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றலாமா?
- ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: ஊற்றினால் அடுத்த கேள்வியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவீர்கள், தம்பி. நன்றாக இருட்டிய பிறகு, ஆளில்லாத சொந்த இடத்தில், கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஐ.எஸ்.ஓ 100, எஃப் 11, ஷட்டர் 15 விநாடி. கறுப்பு உடை போட்ட ஒருவர் ஆரஞ்சு நிற எல்.இ.டி நாடாவைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஷட்டர் மூடுவதற்குள் மறு தடத்தில் திரும்பி வர வேண்டும். நாடாவைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இழுத்தால் தீ நாக்குபோல் விழும். அப்புறம், அந்த சினிமாவைத் திரும்பப் பாருங்கள்: தீக்கோடு எரியும் அந்த நொடியில் கார் அங்கே இல்லை, நம்பர் பிளேட் மட்டும்தான் சுழன்றுகொண்டிருக்கும். நண்பனிடம் பிளேட்டை மட்டும் கடன் கேளுங்கள்.