வேலையிடத்தில் நல்ல பெயர் எடுப்பது எப்படி?

நல்ல பெயர் என்பது ஒரு கணிப்பு. "இவரிடம் கொடுத்தால் சொன்ன நாளில் முடியும்" என்று மற்றவர்கள் மனதில் முன்கூட்டியே இருக்கும் எண்ணம்.

உங்கள் உழைப்பு முழுவதையும் யாரும் பார்ப்பதில்லை. தங்கள் கைக்கு வரும் பகுதியை மட்டுமே பார்க்கிறார்கள். கணிப்பும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

நெல்லைப் பக்கத்து வயலை நினைத்துப் பாருங்கள். கார் பருவ நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணைத் தண்ணீரை நம்பி ஜூன் மாதவாக்கில் நாற்றுப் பாவுவார்கள். தண்ணீர் வர 10 நாள் தாமதமாகும் என்று முன்பே தெரிந்தால் பாவுவதைத் தள்ளிவைக்கலாம். பாவிய பிறகு தெரிந்தால் நாற்று கருகிப்போகும். தாமதம் ஒன்றுதான், சொன்ன நேரம்தான் வேறு. அலுவலகத்திலும் இதுவே நடக்கிறது. வெள்ளிக்கிழமை தரவேண்டிய கணக்கு முடியாது என்றால் புதன்கிழமையே சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு பழக்கமே பாதி மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்துவிடும்.

கூட வேலை செய்பவர்களோடு உறவு நன்றாக இருக்க, அடுத்தவர் செய்த வேலையை மேலாளர் முன்னால் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். குறையைத் தனியாகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் "சரி" என்பவருக்கே நல்ல பெயர் என்று பலர் நினைக்கிறார்கள்; அவர் ஏற்றதில் பாதியைத் தவறவிடும்போது, "இந்த வாரம் முடியாது அண்ணாச்சி" என்று முதலிலேயே சொன்னவரைத்தான் அடுத்த முறை தேடி வருவார்கள்.