நர்ஸ்கள் ஏன் நிற்பதில்லை?

அன்புள்ள ஐயா,

60 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் நர்ஸ்கள் ஒன்றரை வருடம்கூட நிற்பதில்லை. வேலை பழகிய கையோடு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வளைகுடாவுக்குப் போய்விடுகிறார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டால்தான் கொஞ்சமாவது நிற்கிறார்கள். அதே பெண்கள் அரசு மருத்துவமனை என்றால் குறைந்த சம்பளத்துக்கும் காத்துக் கிடக்கிறார்கள். சேவை மனப்பான்மை குறைந்துவிட்டதா? (பெயர், ஊர் வேண்டாம்.)

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அரசு மருத்துவமனை பற்றிய அந்த வரியில்.

தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு நடத்தி எடுத்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், அதாவது படிகள் இல்லாத மொத்தச் சம்பளம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். சொன்னபடி நடக்கவில்லை. 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டதும் கலைந்து போய், மறுபடி டியூட்டிக்கே திரும்பினார்கள். தொகுப்பூதியம் பிறகு 14,000, 18,000 என்று ஏறியது. ஏன் விட்டுப் போகவில்லை? என்றைக்காவது நிரந்தர ஊழியருக்கான காலமுறை ஊதியம் வரும், ஓய்வு பெறும்வரை வேலை இருக்கும் என்ற கணக்குதான். அந்த நம்பிக்கையைக் காட்டியே அரசு மலிவாக வேலை வாங்குகிறது, அது அநியாயம்தான். ஆனால் உங்களிடம் காட்டுவதற்கு அதுகூட இல்லையே. ஐந்து வருடம் நின்றால் அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன கிடைக்கும்? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள் என்பதையும் காணோம்!

சம்பளத்துக்கு ஓர் அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு 2016-இல் பரிந்துரை கொடுத்தது. 50 முதல் 100 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் நர்ஸ் சம்பளம், அந்த மாநில அரசு நர்ஸ் வாங்குவதைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்குக் கீழே என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. வேலை நேரம், விடுப்பு, தங்குமிடம் எல்லாம் அரசு நர்ஸுக்கு நிகராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கேரளத்தில் நர்ஸ்கள் வருடக்கணக்காகப் போராடி, 2018-இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதிய ஆணையை வாங்கினார்கள். நம் ஊரில் பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது.

சரி, சம்பளத்தை விடுங்கள். நைட் டியூட்டிக்கு உங்கள் வார்டில் எத்தனை பேர்? சாதாரண மருத்துவமனையின் பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நான் பார்த்த சிறிய மருத்துவமனைகளில் ராத்திரி ஒரு மாடிக்கே ஒரு சிஸ்டர்தான். ஊசி, டிரிப், புது அட்மிஷன், உறவினர்களின் சத்தம், போனில் டாக்டரின் திட்டு எல்லாம் அவர் தலையில். காலையில் ரிலீவர் வரவில்லை என்றால் அடுத்த ஷிப்டும் அவரே. இதில் நோயாளிக்கும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் லிண்டா எய்கன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒவ்வொரு நோயாளி கூடும்போதும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. நர்ஸ்கள் வேலையில் நொந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடியது. கலிபோர்னியாவில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்ற வரம்பு 2004 முதல் சட்டமாகவே நடைமுறையில் இருக்கிறது.

ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயத்தை நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கடன் வாங்கிப் படிக்கவைத்த குடும்பத்தின் ஒரே சொத்து அந்தக் காகிதம். அதைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு சேவை மனப்பான்மை பற்றிக் கேட்கிறீர்கள். அப்படி நிற்கிற பெண் சர்டிபிகேட் கைக்கு வரும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பாள். வந்த மறுநாள் கிளம்புவாள், ஜூனியர்களிடமும் 'அங்கே சேராதே' என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

முதலில் அவற்றைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் நைட் டியூட்டிக்கு இன்னொரு ஆளைப் போட முடியுமா என்று உங்கள் முதலாளியிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், மேலே பேசலாம்.