அலுவலகத்தில் எத்தனை கணினி? கேள்வி பதில்

நூற்பாலை ஒன்றில் 14 ஆண்டுகள், பொறியியல் கல்லூரி ஒன்றில் 9 ஆண்டுகள் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். மென்பொருள் எழுதத் தெரியாது. இருப்பதைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். சிறிய, நடுத்தர நிறுவனங்களில் இருப்பவர்கள் கேளுங்கள். பெரிய வங்கிகளுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கரூர், வீட்டுத் துணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளர்: ஐயா, எங்களிடம் ஏறக்குறைய 40 கணினிகள் இருக்கின்றன. ஆடிட்டர் பட்டியல் கேட்டார், எங்களிடம் இல்லை. இதற்கென்று ஒரு மென்பொருள் வாங்கிவிடலாம் என்கிறார் முதலாளி. எதிலிருந்து தொடங்குவது?

அந்த ‘ஏறக்குறைய’விலிருந்து தொடங்குங்கள். பெட்டியில் எவ்வளவு பணம் என்று கேட்டால் ஏறக்குறைய என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

மென்பொருள் வேண்டாம். ஒரு நோட்டும் ஒட்டுச்சீட்டும் போதும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் எழுதி ஒட்டுங்கள். எண், எந்த மேசை, யார் கையில், எப்போது வாங்கியது, என்ன வேலை செய்கிறது என்று நோட்டில் குறியுங்கள். மானிட்டர், யு.பி.எஸ்., பிரின்டர், மாடத்தில் தொங்கும் வைஃபை பெட்டி எதையும் விடாதீர்கள். கணக்கு மென்பொருளைத் திறக்கச் செருகும் டோங்கிள், டிஜிட்டல் கையொப்பச் சாவி இரண்டும் கட்டைவிரல் அளவுதான், ஆனால் தொலைந்தால் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நாளில்தான் தெரியும். அவையும் நோட்டில் ஏற வேண்டும்.

இந்த ஐந்தில் ‘என்ன வேலை செய்கிறது’ என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். நாங்களும் விட்டோம். ஆலையில் மாடிப்படிக்குக் கீழே தூசு படிந்த ஒரு பழைய கணினி பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் வீணாகிறது என்று ஒருவர் அணைத்துவிட்டார். மறுநாள் காலை 6 மணிக்குப் பஞ்சு லாரி வந்து எடைமேடையில் ஏறியது, ரசீது வரவில்லை. பின்னால் நான்கு லாரிகள். எடைமேடையின் கணக்கு முழுவதும் அந்தத் தூசுப் பெட்டியில்தான் இருந்ததாம். அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

எண்ணுவதற்கு நாள் தேடாதீர்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லாப் பெட்டியையும் இழுத்துத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கப்போகிறீர்கள். துடைக்கிறவர் கையில் துணி, உங்கள் கையில் நோட்டு. நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரு வருடம்கூடத் தவறவில்லை. இந்த வருடத்துப் பூஜை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். முதல் முறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தஞ்சாவூர் மாவட்டம், தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்: எங்கள் பள்ளியின் இணையதளம், மின்னஞ்சல், கட்டண மென்பொருள் எல்லாவற்றையும் கணினி ஆசிரியர் ஒருவரே பார்த்துக்கொண்டார். அவர் விலகிவிட்டார். கடவுச்சொற்கள் அவரிடம், ஓ.டி.பி.யும் அவர் கைபேசிக்குத்தான் போகிறது. தாளாளர் போலீசுக்குப் போகலாம் என்கிறார்.

போலீசுக்கு முன் ஒரு பெட்டி இனிப்போடு போங்கள், அம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன் கைபேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையும் அவர் கொடுத்தது உங்களை மாட்டிவிடுவதற்காக இருக்காது. அன்றைக்குப் பள்ளிக்கென்று ஒரு எண் இருந்திருக்காது, வேறு யாரும் அக்கறை எடுத்திருக்கமாட்டார்கள். தவறு பள்ளியுடையது. சம்பள பாக்கி ஏதும் இருந்தால் முதலில் அதைத் தீருங்கள்.

அவர் வந்து உட்காரும் நாளில் முதல் வேலை இணையதளப் பெயர். அது யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்று பாருங்கள். புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது மின்னஞ்சலின் நிர்வாகிக் கணக்கு. மற்றதெல்லாம் பிறகு மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளிக்கென்று ஒரு சிம் வாங்கி, சாதாரண பட்டன் கைபேசியில் போட்டு அலுவலக பீரோவில் வையுங்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்கு வரட்டும். ரீசார்ஜ் செய்ய மறந்து எண் கைவிட்டுப் போகாமல் இருக்க அதன் தேதியையும் நாட்காட்டியில் குறியுங்கள். நிர்வாகிக் கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்துத் தாளாளரின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். உறை கிழிந்திருந்தால் யார் திறந்தது என்று கேட்கலாம். எக்செல் கோப்பில் வைத்தால் யார் பார்த்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நாகர்கோவில், ரத்தப் பரிசோதனைக்கூடம்: நோயாளிகளின் முடிவுகள் எல்லாம் ஒரே கணினியில் இருக்கின்றன. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் அதில் செருகியே வைத்திருக்கிறோம். தினமும் இரவு தானாக நகல் ஆகிறது. இது போதும்தானே?

போதாது. எப்போதும் செருகியிருக்கும் டிஸ்க் நகல் ஆகாது; அது அந்தக் கணினியின் இன்னொரு அறைதான். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் நுழைந்தால் செருகியிருப்பதையும் சேர்த்துப் பூட்டும். மின்னல் இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே போகும்.

உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இப்படித்தான் சர்வர்கள், அதாவது எல்லோருக்குமான தரவை வைத்திருக்கும் மையக் கணினிகள், பூட்டப்பட்டன. ஐந்து சர்வர்களில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவு படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டது. ஏறக்குறைய இரண்டு வாரம் புறநோயாளிச் சீட்டு, பரிசோதனை முடிவு எல்லாம் கையால் எழுதினார்கள். பாதிக்கப்படாத ஒரு நகல் சர்வர் இருந்ததால்தான் நோயாளிகளின் தரவு மீண்டது. நாட்டின் முன்னணி மருத்துவமனைக்கே அந்த ஒரு பெட்டிதான் கைகொடுத்தது.

நகல் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இன்னும் புதிய கதை தென்கொரியாவினுடையது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரில் அரசின் தரவு மையத்தில், லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஆவணங்களைச் சேமித்துவந்த ‘ஜி டிரைவ்’ என்ற கிடங்கு 858 டெராபைட்டோடு எரிந்துபோனது. அதற்கு வெளியே நகல் இல்லை. அளவு மிகப் பெரியது, நகல் எடுக்க முடியவில்லை என்றார்கள். கொரியாவுக்கே இந்த நிலை.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கூடத்தில், ஒன்று உங்கள் வீட்டில். வாரம் ஒரு முறை மாற்றுங்கள்; நகல் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். மூன்றாவதாக இணையத்தில் ஒரு நகல் வாடகைக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நோயாளியின் விவரம் என்பதால் டிஸ்க் இரண்டையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டித்தான் எடுத்துச்செல்ல வேண்டும். பஸ்ஸில் தவறவிட்டால் வேறு வழக்கு.

பிறகு, மாதம் ஒரு நாள் நகலிலிருந்து ஏதாவது ஒரு நோயாளியின் பழைய முடிவைத் திறந்து பாருங்கள். நான் கல்லூரியில் சேர்ந்த புதிதில் இரண்டு வருடமாக ஒவ்வோர் இரவும் ‘நகல் வெற்றி’ என்று செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் திறந்து பார்த்தால் உள்ளே குறுக்குவழிக் குறி (ஷார்ட்கட்) மட்டும், சில கிலோபைட். இரண்டு வருடமாக வீட்டுக்குப் பதில் வீட்டு முகவரியை நகல் எடுத்திருக்கிறோம்.

ஒரு கொசுறு. 2017 ஜூனில் மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனத்தை ‘நாட்பெட்யா’ வைரஸ் தாக்கியபோது, பயனர் கணக்குகளை வைத்திருந்த சர்வர்கள் உலகெங்கும் அழிந்தன. தப்பியது ஒன்றுதான், ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில். அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! அந்தப் பிரதியை விமானத்தில் எடுத்துவந்துதான் மீண்டார்கள். மின்வெட்டை நான் திட்டாத ஒரே சந்தர்ப்பம் அது.

திருப்பூர், பின்னலாடை நிறுவன உரிமையாளர்: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, 25 கணினிகளையும் மாற்று என்று சப்ளையர் கொட்டேஷன் கொடுத்துவிட்டார். ஒரே மூச்சில் மாற்ற வேண்டுமா?

2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றது உண்மை. அலட்சியம் செய்யக்கூடியதும் அன்று. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ வைரஸ் உலகைச் சுற்றியபோது அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளிவந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

ஆனால் கொட்டேஷனில் இன்று கையெழுத்துப் போடாதீர்கள். கரூர்க்காரருக்குச் சொன்ன நோட்டு உங்களுக்கும் வேண்டும். 2018-க்குப் பின் வாங்கியவற்றில் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கும். அவற்றுக்குப் பணமே தேவையில்லை. பழையவற்றில் வங்கிப் பரிமாற்றமும் மின்னஞ்சலும் நடக்கும் கணினிகளை முதலில் மாற்றுங்கள். மற்றவற்றுக்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத்தைக் காசு கொடுத்து வாங்கிக் கொஞ்சம் தள்ளலாம். பின்னல் எந்திரத்தோடு இணைந்த கணினி இருந்தால் அதைத் தொடாதீர்கள், எந்திரக்காரர் சொல்லாமல் அது மேம்படாது; இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடுங்கள்.

இனிமேல் வருடத்துக்கு ஐந்தாறு என்று வாங்குங்கள். 25-ஐயும் ஒன்றாக வாங்கினால் 25-ம் ஒன்றாகத்தான் கிழடாகும். கணக்கில் நிறுவனச் சட்டம் கணினிக்கு 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு ஆயுள் வைத்திருக்கிறது. நடைமுறையில் நல்ல கணினி ஐந்தாண்டு ஓடும். அதற்கு மேல் ஓடுவது உங்கள் அதிர்ஷ்டம், திட்டமில்லை.

சிவகாசி, அச்சகம்: 15 வருட அழைப்பிதழ், நாட்காட்டி வடிவமைப்புகள் எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்: வடிவமைப்பு மென்பொருள் எங்களிடம் காசு கொடுத்து வாங்கியதில்லை.

முதல் கேள்விக்கு ஆர்வமாகவும் இரண்டாவதற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

பாமினி போன்ற எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தாம். தமிழ் என்பது மேலே போட்ட சட்டை. சட்டை இல்லாத கணினியில் உள்ளே இருப்பது தெரிகிறது. ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு விதமாகச் சட்டை தைத்ததால்தான் 1999-இல் டாம், டாப் என்று தமிழக அரசு ஒரு தரம் வகுத்தது. பிறகு 2010-இல் ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றது. ஆக, உங்கள் அச்சகத்தின் மிகப் பெரிய சொத்து அச்சு எந்திரம் இல்லை, அந்த எழுத்துருக் கோப்பு. அதை மூன்று இடத்தில் நகல் எடுங்கள், இன்றே. பிறகு மாற்றி மென்பொருள் கொண்டு வாசகங்களை ஒருங்குறிக்கு மாற்றுங்கள், இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்களின் கோப்புகளை முதலில் மாற்றுங்கள். மாற்றியதும் மெய்ப்புப் பாருங்கள், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும். மணமகள் பெயரில் அது நடந்தால் அச்சகத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டாவது: பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தினமும் ஓடும் இரண்டு கணினிக்கு மட்டும் உரிமம் வாங்குங்கள். கடிதம் அடிக்கிற கணினிக்கு லிப்ரே ஆபீஸ் போதும், அது இலவசம். உடைத்த மென்பொருளோடு என்ன உள்ளே வந்தது என்பது உடைத்தவனுக்குத்தான் தெரியும்.

சேலம், சிட்பண்ட் நிறுவன மேலாளர்: பழைய 12 கணினிகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமா?

டிஸ்க்கோடு போடாதீர்கள். மார்கன் ஸ்டான்லி என்ற அமெரிக்க நிதி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனத்திடம் பழைய சர்வர்களை ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரத்தோடு சில இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. 2022-இல் அபராதம் 3.5 கோடி டாலர். அதற்கு இரண்டு வருடம் முன்பு வேறொரு துறை 6 கோடி டாலர் விதித்திருந்தது.

டிஸ்க்கைக் கழற்றித் துளைப்பானால் நான்கு துளை போடுங்கள். மீதியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, நோட்டில் அந்த எண்களுக்கு நேரே ஒட்டுங்கள். இரும்புக் கடைக்காரர் கூடுதலாகத் தரும் சில நூறு ரூபாய்க்கு ஆசைப்பட வேண்டாம். அப்புறம், உறுப்பினர்களின் ஆதார் நகல்கள் எத்தனை வருடமாகச் சேர்ந்திருக்கின்றன என்றும் பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவேடுகளை ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைக்க வேண்டும், கம்பெனிக் கணக்குப் புத்தகங்களை 8 ஆண்டு. தேவை முடிந்த தனிநபர் விவரத்தை வைத்திருப்பது இப்போது பாரம்தான். 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டத்தில், பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

மதுரை, புதிதாகச் சேர்ந்த கணினி நிர்வாகி: சார், முதலாளியிடம் பாதுகாப்புக்குப் பணம் கேட்டால் ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லையே’ என்கிறார்.

வைரஸ் கதை சொல்லாதீர்கள், தம்பி. பில் போடும் கணினி ஒரு நாள் நின்றால் எத்தனை பில் போகாது, அதன் தொகை என்ன என்று கணக்காளரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்கும் தொகை அதைவிடக் குறைவாக இருக்கட்டும். அப்படியும் இல்லை என்றால், கேட்ட தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் கரூர்: ஐயா, நீங்கள் சொன்னபடி நேற்று ஞாயிற்றுக்கிழமை எண்ணிவிட்டோம். 40 இல்லை, 43. இரண்டு மேலாளர் வீட்டில் இருந்தன, அவர் பிள்ளைகள் படிக்கிறார்களாம். இன்னொன்று பேக்கிங் பிரிவில் பீரோவுக்குப் பின்னால். திரை இல்லை, பச்சை விளக்கு எரிகிறது. யாருக்கும் தெரியவில்லை. அணைத்துவிடவா?

அணைக்காதீர்கள்! 43 என்று எண் ஒட்டுங்கள். ஒரு திரையைக் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். கண்டெய்னர் எதுவும் ஏறாத ஒரு நாள் பாருங்கள். அன்று மாலை 5 மணிக்கு மின்சாரத்தைத் தொடாமல் நெட்வொர்க் கம்பியை மட்டும் கழற்றுங்கள். கையில் கைபேசி இருக்கட்டும், முதலில் கூப்பிடுகிறவர் எந்தப் பிரிவு என்று எழுதிக்கொண்டு உடனே திரும்பச் செருகிவிடுங்கள். யாரும் கூப்பிடவில்லை என்றால் கம்பி அப்படியே தொங்கட்டும். மாதக் கடைசிச் சம்பளப் பட்டியல் ஓடி முடியும்வரை காத்திருங்கள். மேலாளர் வீட்டில் இருக்கும் இரண்டுக்கும் சீட்டு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.